இஞ்சினுக்கு ஒரு கோளாறு சொல்லுண்ணே

எர்ணாவூர்,
வெள்ளிக்கிழமை, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு.

என்றும் என் மரியாதைக்குரிய அண்ணன் திருமுருகன் அவர்களின் சமூகத்துக்கு, தங்கை பவுனம்மாள் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், தங்கள் மாப்பிள்ளை குமாரவேலும், தங்கள் மருமகள் மோகனப்ரியாவும் எல்லையம்மன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அவ்விடம் நாகப்பட்டினத்தில் தாங்களும் பவானி அண்ணியும் அண்ணியின் தாய்வீட்டாரும் அவ்வண்ணமே இருப்பீர்கள். மீன்பிடித் தடைக்காலம் முழுக்க மாமியார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுத் தங்களுக்குத் தொப்பை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு மகிழ்ச்சி அடைந்தோம். இந்தக் காலத்தில் யார் லெட்டர் போடுகிறார்கள் என்று தாங்கள் யோசிக்கலாம். போனில் சொன்னால் அண்ணி அதை ஸ்பீக்கரில் போடும். அங்கே அது ஸ்பீக்கரில் போட்டால் இங்கே காசிமேட்டுக்குச் சேதி வந்து சேர அரை மணி நேரம் ஆகாது. ஆகையால் இதைத் தனியாகப் படிக்கவும். அண்ணி எதிரில் படிக்க நேர்ந்தால் வாய்விட்டுப் படிக்க வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். இன்னும் கொஞ்ச நாளில் தடைக்காலம் முடிகிறது. எல்லா போட்டும் கடலுக்குக் கிளம்பும். தங்கள் போட்டை மட்டும் கிளப்பக் கூடாது. இஞ்சினில் ஏதோ கோளாறு என்று தாங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஓனர் தாங்கள், தாங்கள் சொன்னால் எடுபடும். போட் டிரைவர் தங்கள் மாப்பிள்ளை, அவர் பேசாமல் வீட்டில் இருப்பார். இது நான் கேட்டு நீங்க செஞ்சதா அவருக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா என்ன ஆவும்னு கேக்காதே, எனக்கே தெரியாது.

மாசி மாசம் நடந்தது உனக்குத் தெரியாததில்ல. இஞ்சின் நின்னு போயி, ஒயர்லெஸ்ஸும் செத்துப் போயி, உன் மாப்ளையும் கூடப் போன ஆளுங்களும் ஆந்திரா பக்கம் அட்ச்சிகினு போனாங்க. நெல்லூர்க்காரன் ஒருத்தன் பார்த்து, கயிறு கட்டி இஸ்துகினு வந்து கரையில வுட்டான். அந்தப் புண்ணியவான் புள்ளகுட்டியோட நல்லா இருக்கட்டும். அதுக்குள்ள இங்க போட்டே கெடைக்கலன்னு சேதி பரவி, பழவேற்காட்டு சொந்தக்காரங்க ஒரு வேன் நெறைய மாலையோட வந்து எறங்கிட்டாங்க. பிளாக் வாசல்ல சாமியானா போட்டாச்சு. நானு நடுவுல குந்திகினு கீறேன், சுத்தி நாலு பேரு மார்ல அட்ச்சிக்கறாங்க. உன் மாப்ள ஆட்டோல வந்து எறங்கி, யாருக்குக் கல்யாணம், சாமியானா போட்டுக்கீதுன்னு கேட்டாரு. அழ வந்தவங்க சும்மா திரும்பிப் போவாங்களா? ரெண்டு வேளை பிரியாணி துன்னுட்டு, கொண்டாந்த மாலைய அவரு கழுத்துலயே போட்டு போட்டோ எடுத்துகினு போனாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அன்னிலேர்ந்துதான் எனக்கு இந்தப் பேஜாரு.

இன்னா பேஜாருன்னா, அந்த மனுசன் பகல்ல படுத்துத் தூங்கினா மூச்சு வருதான்னு மூக்காண்ட வெரல வச்சுப் பாக்கறேன். ஒரு தடவை இல்லண்ணே, எத்தினி தடவைன்னு கணக்கே இல்ல. வெரல்ல சங்கரா மீன் வாசனை. அவரு தும்மிகினே எயுந்து, பூனை வந்து மூஞ்சில குந்திட்ச்சுன்னு கத்துவாரு. மீன் விக்கக் கூடைய எட்த்துகினு திருவொத்தியூர் தெருவுல போனா, யாருனா வூட்ல அழுவுற சத்தம் கேட்டா கூடைய அங்கயே வுட்டுட்டு நம்ம வூட்டுக்கு ஓடி வந்துடறேன். ஒரு நாளு அது டிவி சீரியலு. திரும்பிப் போய்ப் பாத்தா கூடையில பாதி மீனு பூனை துன்னுட்டு கீது, அது மட்டும் நெஜப் பூனை.

இத்தல்லாம் பாத்த மோகனப்ரியா ஒரு நாளு என்னைக் குந்த வச்சு, அம்மா உனக்குக் கவுன்சிலிங் போட்டுக்கீறேன், போன்லயே மூஞ்சி பாத்துப் பேசலாம், என் கம்பெனில வூட்டு ஆளுங்களுக்கும் சேர்த்து இந்த வசதி தர்றாங்கன்னுச்சு. அது வேலை செய்யற கண்டெய்னர் யார்டுல பொட்டிங்களதான் எறக்கி ஏத்துவாங்கன்னு நெனச்சுகினு இருந்தேன், மனுசங்க மனசயும் எறக்குவாங்கன்னு யாரு கண்டா. எனக்கு இன்னா மெண்டலா புட்ச்சிக்கீதுன்னு நான் கத்தினேன். இல்லம்மா, காய்ச்சல் வந்தா டாக்டராண்ட போறதில்ல, அந்த மாதிரின்னு அது சொல்லுது. அந்த மேடம் பேரு ஷைனி. நாகர்கோயில் பக்கம். முப்பது வருசமா இதே வேலையா கீறாங்களாம். தல பூரா நரை, ஆனா பொறுமைன்னா பொறுமை, நம்ம அண்ணியாண்ட அதுல கால்வாசி இருந்தா உனக்கு முடி கொட்டியிருக்காது.

மொத நாளு போனை அரிசி டப்பா மேல சாய்ச்சு வச்சேன். சரியா வச்சேன்னுதான் நெனச்சேன். கொஞ்ச நேரம் பேசிட்டு மேடம் மெதுவா, பவுனம்மா, எனக்கு உங்க ஃபேன் மட்டும்தான் தெரியுதுன்னாங்க. சரி பண்ணேன். அப்பால, வீட்டுல தனியா பேச வசதி இருக்கான்னு கேட்டாங்க. இருக்கே, எல்லாம் நம்ம ஆளுங்கதான்னேன். பக்கத்து வூட்டு ரோசி ஏற்கெனவே வந்து என் தோள் பக்கமா குந்திகினு, வணக்கம் மேடம்ன்னு சொல்லிட்டா. மேடம் வேற யாருமே இருக்கக் கூடாதும்மான்னு சொல்ல, ரோசி மூஞ்ச தூக்கிகினு எயுந்து போயி கதவாண்ட நின்னுகினா. கதவு எங்க கீது, திரைச்சீலைதான் கீது. நான் சொல்ற ஒண்ணொண்ணுக்கும் திரைக்கு அந்தாண்டேர்ந்து 'ஆமா மேடம்'னு ஒரு குரல் வருது.

பொண்ணு இத்தப் பாத்துட்டு காதுல மாட்டற மிசினு வாங்கியாந்து குடுத்துச்சு. அத்த மாட்டிகினா மேடம் பேசறது எனக்கு மட்டும்தான் கேக்குது. அப்ப நான் பேசறதும் அவங்களுக்கு மட்டும்தான் கேக்கும்னு நெனச்சேன். இது தப்பா, நீயே சொல்லு. மொட்டமாடில கருவாடு காயப்போட்டுக்கீற எடத்துல தண்ணி டேங்கு பக்கமா நின்னுகினு, தெருவுல மீனு கூவற தொண்டையில, மனசுல கீற அத்தனையும் கொட்டினேன். கீய எறங்கி வந்தா பிளாக்குல எல்லாரும் என்னைப் பாத்து, பவுனக்கா, மனச தைரியமா வச்சுக்கன்னு சொல்றாங்க. ஒருத்தி வந்து விபூதி வச்சா. ரோசி ஜெப எண்ணெய் கொண்டாந்தா. உன் மாப்ள அன்னிக்கு உன் போட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஹார்பர் போயிருந்ததால பொழைச்சேன். அவங்க யாரும் அவராண்ட மூச்சு வுடல, அது வரைக்கும் நம்ம ஜனங்க நல்ல ஜனங்க.

இன்னொரு கூத்து. மேடமாண்ட பேசறதுக்குப் பொண்ணு என் போன்ல போட்டுக் குடுத்த ஆப்புல, தூங்கப் போறதுக்கு முன்ன கேக்கச் சொல்லி ஒரு பேச்சு கீது. கண்ண மூடுங்கள், மூச்ச இழுங்கள்னு ஒரு பொம்பள கொழகொழன்னு பேசுது. சரின்னு இழுத்தேன். இப்போது நீங்கள் அழகான கடற்கரையில் இருக்கிறீர்கள், அலைகள் உங்களை அழைக்கின்றனன்னுச்சு பாரு, பின்னால அலை சத்தம் வேற. அந்த அலை கூப்டுதேன்னுதாண்டி நான் உன்னாண்டயே வந்தேன், கஸ்மாலம்னு போன வீசினேன். நல்ல வேளை தலகாணி மேல வியுந்துச்சு. அடுத்த தடவை மேடமாண்ட சொன்னேன். அவங்க மன்னிப்புக் கேட்டாங்க, அத்தப் பண்ணது அவங்க இல்ல, ஆப்பு. அப்பால, உங்களுக்கு மனசு அமைதியா இருக்கற இடம் எதும்மான்னு கேட்டாங்க. நான் யோசனை பண்ணி, யானைக்கவுனியில ஒரு பாத்திரக் கடைன்னு சொன்னேன். நாலு பக்கமும் எவர்சில்வர், ரோட்டுல வண்டிங்க நெருக்கிகினு நிக்கும், யாரும் எங்கயும் போவ முடியாது, எல்லாரும் அங்கயே கீறாங்க, சொட்டுத் தண்ணி கெடையாது. மேடம் சிரிக்கல. நல்ல இடம், அங்கயே போய் நிப்போம்னாங்க. இப்ப பேஜாரானா கண்ண மூடிகினு அந்தக் கடையிலதான் நிக்கறேன், கொஞ்சம் வேல செய்யுதுண்ணே.

ஆனா பெரிய சண்ட இதுல இல்ல, நம்பர்ல. ஒவ்வொரு தடவையும் மேடம் கேப்பாங்க, ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள உங்க பயம் இப்ப எத்தனைன்னு. நம்ம தொழில்ல மொத வெல எதுக்கு சொல்றோம்? எதிராளி கொறைக்கறதுக்கு. நானு பத்துன்னேன். அவங்க நாலு கேப்பாங்க, நான் எட்டுக்கு வருவேன், அப்பால நடுவுல எங்கனா முடிப்போம்னு பாத்தா, அவங்க மூஞ்சு மாறிப் போச்சு. பத்தா, இப்ப வீட்டுல கூட யாராவது இருக்காங்களான்னு கேக்கறாங்க. சொன்ன வெலைக்கே வாங்கற கிராக்கிய நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. எனக்கு வவுறு எரிஞ்சுது, இன்னும் ஏத்திச் சொல்லியிருக்கலாமேன்னு. அப்பால அவங்க ஒண்ணும் பேசாம என்னையே பாத்துகினு கீறாங்க. கிராக்கி பேசாம நின்னா இன்னா அர்த்தம், வெல கட்டல, கெளம்பப் போறான்னு அர்த்தம். நான் எட்டுன்னேன். பேசல. சரி வா, ஆறுன்னேன். அப்பவும் பேசல. கடைசியா நாலு, இதுக்கு மேல எனக்குக் கட்டாதும்மான்னு சொல்ட்டேன். மேடம் கண்ணாடியக் கழட்டிகினு, அதுக்குள்ள எப்படிம்மா குறைஞ்சுதுன்னு கேட்டாங்க. நீ வாயே தொறக்காம நின்னா நான் இன்னா பண்றதுன்னேன்.

இப்படியே நாலஞ்சு தடவை ஓடிச்சு. அந்தம்மா அனுபவஸ்தங்க, டபாய்க்க முடியாது. ஒரு நாளு நம்பரே கேக்கல. மீனு எப்படி வாங்குவீங்க, எப்படி விப்பீங்கன்னு கத கேட்டாங்க. நானும் குஷியா சொல்லிகினே போனேன், ஏலத்துல எடுக்கறது, ஐஸு போடறது, வெல சொல்றது, கொறைக்கறது. எல்லாம் கேட்டுட்டு அவங்க சொன்னாங்க:

"பவுனம்மா, இத்தனை நாளா நீங்க எனக்குச் சொல்ற விலையைத்தான் சொல்லிட்டு இருந்தீங்க. எனக்கு அது வேண்டாம். அசல் என்ன?"

உனக்குத் தெரியும்ண்ணே, எந்த மீன்காரியும் அசலு சொல்ல மாட்டா. கட்ன புருசனாண்ட கூட சொல்ல மாட்டா. நான் பேச்ச மாத்தப் பாத்தேன். அவங்க மறுபடி கம்னு கீறாங்க. இந்தத் தடவை கொறைக்கறதுக்கு என்னாண்ட ஒண்ணும் இல்ல. அப்பதான் அது வாயில வந்துட்ச்சு. அவரு வந்துட்டாரு மேடம், ஆனா நான் எங்க அவரோட கீறேன், அந்த சாமியானாவுலயேதான் குந்திகினு கீறேன். உயிரோட கீற மனுசன எதிர்ல வச்சுகினு, செத்துப் போன மனுசனுக்கு அயுதுகினு கீறேன். அவரு சோறு துன்னா, இதான் கடைசி சோறோன்னு பாக்கறேன். அவரு சிரிச்சா எனக்கு அயுக வருது. இத்த சொல்லிட்டு நான் அயுதேன் பாரு, கருவாடு காயப் போட வந்த ரோசியும் எதுக்குன்னே தெரியாம அயுதா. மேடம் அவசரப்படுத்தல. முடிஞ்சதும் ஒரு வார்த்தை கேட்டாங்க, இத்த அவர்கிட்ட சொல்லிட்டீங்களான்னு.

எப்படி சொல்றது? கடலுக்குப் போற ஆம்பளையாண்ட எங்க போறே, எப்ப வருவேன்னு கூட நம்ம வூட்ல கேக்க மாட்டோம். பின்னாலேர்ந்து பேரு சொல்லிக் கூப்ட மாட்டோம். போவாதன்னு சொல்றது வாயிலயே வரக் கூடாத வார்த்தை. அத்த சொல்லிட்டு அவரு போயி, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, சொன்ன வாய எங்க கொண்டு போயி வைக்கறது? மேடமாண்ட இத்தல்லாம் சொன்னேன். அவங்க நம்ம பயக்கத்தப் பத்தி ஒண்ணும் கொறவா பேசல. சொல்லித்தான் ஆவணும்னு கட்டாயம் இல்ல, ஆனா யாராண்ட சொல்லணுமோ அவங்களாண்ட போய்ச் சேராத வார்த்தை உள்ளயே கெடந்து நாறும்மான்னாங்க. நாறல் சமாச்சாரம் எனக்குப் புரியும். ராத்திரி பூரா யோசிச்சேன். யாராண்ட சொல்லணும்? போட்டு யாருது? உன்னுது. அப்ப உன்னாண்டதானே சொல்லணும். இந்த இஞ்சின் கோளாறு ரோசனை மட்டும் மேடம் சொன்னதில்ல, என் சொந்தச் சரக்கு.

அவரு வேற தெனம் காலம்பர எயுந்து ஹார்பருக்குப் போயி உன் போட்டாண்ட குந்திகினு கீறாரு. பெயிண்ட் அட்ச்சாச்சு, வலை பின்னியாச்சு, இன்னும் இன்னாதான் கீதோ, பொழுது சாஞ்சுதான் வூட்டுக்கு வர்றாரு. கேட்டா, எப்படா தடை முடியும்னு கை துறுதுறுங்குதுன்றாரு. வெசிலு வேற அடிக்கறாரு. அந்த ஆளுக்குக் கொஞ்சமாச்சும் பயம் கீதா பாரு, நெஞ்சுல இன்னா கருங்கல்லா வச்சுக்கீறாரு? நெல்லூர்க்காரன் மட்டும் அந்தப் பக்கமா வரலன்னா இன்னா ஆயிருக்கும்னு ஒரு தடவையாச்சும் நெனச்சுப் பாத்திருப்பாரா? ஆம்பளைங்களே இப்படித்தான், உன்னையும் சேத்துதான் சொல்றேன்.

அதனால அண்ணே, உன் கால்ல வியுந்து கேக்கறேன், கியர் பாக்ஸ்னு சொல்லு, ஷாஃப்ட்டுன்னு சொல்லு, உனக்குத் தெரியாததா. ஒரு சீசன் அவரு கரையில கெடக்கட்டும். ஐஸ் கம்பெனிலயோ ஏலக் கூடத்துலயோ ஒரு வேல பாத்து வுடறேன். திட்டினா என்னைத் திட்டட்டும், உயிரோட குந்திகினு திட்டட்டும்.

அண்ணிக்கு என் அன்பையும், அண்ணியின் தாயாருக்கு என் நமஸ்காரத்தையும் தெரிவிக்கவும். அவர்களின் மூட்டு வலிக்குச் சுறா எண்ணெய் கேட்டிருந்தார்கள், தடை முடிந்ததும் அனுப்புகிறேன். எல்லையம்மன் தங்களையும் தங்கள் குடும்பத்தையும் தங்கள் போட்டையும் ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்ற வேண்டும். போட்டைக் கரையில் வைத்தே காப்பாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் ஆசியை என்றும் வேண்டும் தங்கை,
பவுனம்மாள்

பி.கு.: அண்ணே, மேல எழுதினது அத்தனையும் வுட்டுடு. இந்த லெட்டர மடிச்சு ஒட்டிகினு கீறப்ப பொழுது சாஞ்சு உன் மாப்ள ராத்திரி சாப்பாட்டுக்கு வந்து பின்னால நின்னுகினாரு. யாருக்கு லெட்டருன்னு கேட்டாரு. நெத்திலிய நெய்மீனுன்னு சொல்லி வித்தவ நானு, அந்த நேரம் ஒரு பொய் வாயில வரல. பிரிச்சுப் படிச்சுக் காட்டிட்டேன். அவர கருங்கல்லுன்னு எழுதின எடத்தக் கூட வுடாம படிச்சேன். அவரு துண்டால மூஞ்சத் தொடச்சுகினாரு. அப்பால சொன்னாரு: "தெனம் போயி போட்டாண்ட குந்தறேனே, எதுக்குன்னு நெனச்சே? ஏறலாம்னுதான் போறேன், காலு வரல. நீ ஒரு வார்த்த போவாதன்னு சொல்லுவே, அந்த சாக்குல நின்னுக்கலாம்னு இத்தினி நாளா பாத்துகினு கீறேன். நீ சொல்லவே மாட்டேன்றே."

எனக்கு மொதல்ல அட்ச்சுடலாம்னு வந்துச்சு. அவரு அங்க வெசில் அட்ச்சுகினு பயப்பட, நானு இங்க மொட்டமாடில கத்திகினு பயப்பட, ரெண்டு பேரும் ஒரே தட்டுல சோறு துன்னுகினு கீறோம். அப்பால சொல்ட்டேண்ணே. அந்த வாயில வரக் கூடாத வார்த்தையச் சொல்ட்டேன். "போவாதய்யா"ன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். அவரு என் கையப் புட்ச்சிகினு, "நானு மட்டும் தனியா பயப்படல, இது போதும் பவுனு, போய்ட்டு வர்றேன்"னாரு. போவாதன்னு சொன்னா போறேன்னு சொல்றாரு, ஆனா எனக்குத் திக்குனு ஆவல. நானும் "சரி, போய்ட்டு வா"ன்னு சொல்ட்டேன். மேடமாண்ட அவருக்கும் ஒரு நாளு கேட்டுக்கீறேன், மொட்டமாடி வேணாம், போட்டுலயே குந்திப் பேசறேன்றாரு.

அதனால இஞ்சின்ல ஒரு கோளாறும் இருக்கக் கூடாது, கேட்டியா. நீயே நேர்ல வந்து பாரு, மாமியார் வூட்டு சோறு போதும். புது ஒயர்லெஸ் ஒண்ணு, அதுக்கு மேல ஸ்பேர் ஒண்ணு, ஆளாளுக்கு ஒயுங்கான லைஃப் ஜாக்கெட்டு, இல்லன்னா நான் போன் பண்ணி அண்ணிய ஸ்பீக்கர்ல போடச் சொல்லுவேன். மொத நாளு கெடைக்கற வஞ்சிரத்துல பெருசா ஒண்ண எனக்குன்னு ஒதுக்கி வைக்கச் சொல்லிக்கீறேன். அத்த ஏலத்துல வுட்டுடாத. விக்கறதுக்கு இல்லண்ணே, நாங்க ரெண்டு பேரும் துன்றதுக்கு.